வெட்டிப் பார்த்த கிண்ணம்

என் மேஜைமேல் காகிதம் பறக்காமலிருக்க வைத்திருப்பது ஒரு பாதிக் கிண்ணம். 6 அங்குல போர்வெல்லில் இறக்கும் சப்மெர்சிபிள் பம்பின் வார்ப்பிரும்புக் கிண்ணம் அது; நெடுக்காக ரம்பம் போட்டு அறுத்தது. சுவர் கனம் சுற்றிலும் 6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். இதில் ஒரு பக்கம் 8, எதிர்ப்பக்கம் 4. உள்ளே தண்ணீர் திரும்பி ஏறும் வழியெல்லாம் மணல் வெந்து ஒட்டி, விரலை வைத்தால் சொரசொரக்கும். வருகிறவர்கள் எடுத்துப் பார்த்துவிட்டு, "என்னங்க இது, உடைஞ்சு போச்சுங்களா?" என்பார்கள். உடையவில்லை, நானேதான் அறுத்தேன். முப்பத்திரண்டு வருடத் தொழிலில் எனக்கு அமைந்த உருப்படியான முதல் கூட்டு இந்த அறுப்பில்தான் தொடங்கியது.

கோயமுத்தூரில் பம்பு செய்கிறவனுக்கு ஊரே பட்டறை. நான் தொடங்கியபோது என்னிடம் இருந்தவை கணபதியில் ஒரு வாடகை ஷெட், இரண்டு லேத், ஒரு டி.வி.எஸ். 50. காலையில் வண்டியை எடுத்தால் ஆவாரம்பாளையத்தில் வார்ப்புக்கான மர மாதிரி, எங்கள் பேச்சில் பேட்டர்ன், எந்த மட்டில் இருக்கிறது என்று எட்டிப் பார்த்துவிட்டு, தண்ணீர்பந்தல் பக்கம் பவுண்டரியில் முந்தின நாள் ஊற்றிய பீஸ்களை எண்ணி ஆட்டோவில் ஏற்றிவிட்டு, ஷாஃப்ட்டை கிரைண்டிங்குக்கும் இம்பெல்லரை பேலன்ஸிங்குக்கும் கொடுத்துவிட்டு, பதினோரு மணிக்குள் ஷெட்டுக்குத் திரும்பிவிடலாம். ஸ்டாம்பிங் ஒருவரிடம், வைண்டிங் ஒயர் ஒருவரிடம், கார்பன் பேரிங் ஒருவரிடம். ஒரு பம்பில் என் கையால் நடந்தது எவ்வளவு என்று கணக்குப் பார்த்தால் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும். பெயர்த்தகடாவது என்னுடையது என்று சொல்லலாமென்றால், அதையும் காந்திபுரத்தில் ஒருவர்தான் அச்சடித்துக் கொடுத்தார்.

ஊர் இப்படி ஆனது ஒருவர் போட்ட திட்டத்தால் இல்லை. 1888-ல் ஸ்டேன்ஸ் மில் வந்தது, அதன் பின்னால் மில்கள் பெருகின. மில் ஓடினால் ஸ்பேர் வேண்டும். சீமையிலிருந்து கப்பலில் வருவதற்குக் காத்திருக்க முடியாதவர்கள் உள்ளூர்ப் பட்டறைகளைத் தேடினார்கள். பட்டறைக்கு வார்ப்படம் வேண்டியிருந்தது, வார்ப்படத்துக்குப் பேட்டர்ன். 1926-ல் பி.எஸ்.ஜி. அறநிலையம் உருவாகித் தொழிற்பயிற்சிக்கு வழி திறந்தது. 1932-ல் பைக்காரா மின்சாரம் மலையிறங்கி வந்தபோது, மாடு பூட்டிக் கவலை இறைத்துக்கொண்டிருந்த கிணறுகளுக்கு மோட்டார் தேவைப்பட்டது. 1937-ல் இந்தியாவின் முதல் மின்மோட்டார் இங்கே உருவானது. அதை ஜி.டி. நாயுடுவின் கதையாக மட்டுமே சொல்லிப் பழகிவிட்டோம். அவரோடு நின்று அதைச் செய்தவர் டி. பாலசுந்தரம் நாயுடு, பின்னாளில் டெக்ஸ்டூல் நிறுவனத்தை அமைத்தவர். இந்த ஊரின் முதல் மோட்டாரே இரண்டு பேர் சேர்ந்து செய்த மோட்டார். எங்கள் ஊர்க்காரர்களே இதை மறந்துபோகிறார்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

தொழில் நிர்வாகம் படிக்கும் என் அண்ணன் மகள் ஒருநாள் ஆல்ஃபிரட் மார்ஷல் என்ற பொருளாதார அறிஞரைப் பற்றிச் சொன்னாள். ஒரே தொழில் செய்கிறவர்கள் ஓரிடத்தில் நெருங்கி வாழ்ந்தால் அதன் நுணுக்கங்கள் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தானே பரவிவிடும் என்று 1890-லேயே அவர் எழுதிவிட்டாராம். "உங்க ஊரப் பத்தி அப்பவே எழுதிட்டாரு பாருங்க சித்தப்பா" என்றாள். பாதி ஒத்துக்கொள்கிறேன். யார் புதிதாக இன்டக்ஷன் ஃபர்னஸ் வாங்கினார், யாருக்கு ராஜஸ்தான் ஆர்டர் வந்தது, யார் வீட்டில் பாகப்பிரிவினை, எல்லாம் பேக்கரியில் பத்து மணி டீக்குள் தெரிந்துவிடும். சேதி அப்படிப் பரவும். ஒருவருடைய கிண்ணத்தின் உட்புறம் மட்டும் ஏன் வழவழவென்று இருக்கிறது என்பது அப்படிப் பரவாது. அது தெரிய வேண்டுமானால் ஒருவர் மற்றவருடைய பட்டறைக்குள் கால் வைக்க வேண்டும். அவரும் கதவைத் திறக்க வேண்டும். பக்கத்து ஷெட்டிலேயே இருபது வருடம் இருந்தும் அந்தக் கதவு திறக்காத ஆட்களை எனக்குத் தெரியும். நெருக்கம் அதிகமானால் பயமும் அதிகம். நூறு மைல் தள்ளி இருப்பவன் காப்பியடித்தால் கோபம் வரும். எதிர் வரிசைக்காரன் காப்பியடித்தால் தூக்கமே போய்விடும்.

கிண்ணத்துக்கு வருகிறேன். அப்போது நான் செய்துகொண்டிருந்த பம்பு விநாடிக்கு 5 லிட்டர் தண்ணீரை 60 மீட்டர் உயரத்துக்குத் தள்ள வேண்டும். 5-ஐ 60-ஆல் பெருக்கி 102-ஆல் வகுத்தால், தண்ணீருக்குப் போய்ச் சேரும் சக்தி 2.94 கிலோவாட். என் பம்பு கரண்டிலிருந்து இழுத்தது 6 கிலோவாட். அதாவது செலவழித்ததில் பாதிகூடத் தண்ணீருக்குப் போகவில்லை, நூற்றுக்கு 49. சப்மெர்சிபிளுக்கான ஐ.எஸ். 8034 தரத்தை எட்டிவிடுவேன், ஆனால் மின்சிக்கனத்துக்கான ஸ்டார் முத்திரைக்கு எட்டாமல் நிற்பேன். இம்பெல்லரின் வளைவை மூன்று முறை மாற்றினேன். மோட்டாரில் காப்பரைக் கூட்டினேன். அரைப் புள்ளி ஏறும், அடுத்த லாட்டில் ஒரு புள்ளி இறங்கும். ஒரே டிசைன், ஒரே ஆள் அசெம்பிளி செய்தது, ஒரே டெஸ்ட் தொட்டி. பம்புக்குப் பம்பு வித்தியாசம். குற்றம் என் வரைபடத்தில் இல்லை என்பதை ஒத்துக்கொள்ளவே எனக்கு ஏழெட்டு மாதம் பிடித்தது.

பவுண்டரிக்காரரிடம் போனேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். "பீஸெல்லாம் சரியாத்தானுங்க இருக்குது தம்பி. உங்க டிசைன்ல ஏதாச்சும் இருக்கும், பாருங்க" என்றார். வெளியிலிருந்து பார்த்தால் சரியாகத்தான் இருந்தது. வார்ப்படத்தின் தொந்தரவே அதுதான், பாவம் எல்லாம் உள்ளே இருக்கும். ஷெட்டுக்குத் திரும்பி வந்து நல்ல பீஸ் என்று நான் மெஷினிங் முடித்து வைத்திருந்த ஒன்றை எடுத்து அறுத்தேன். என் லேத்மேன் தலையில் கை வைத்துக்கொண்டான். மறுநாள் இரண்டு பாதியையும் தினத்தந்தியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய் அவர் மேஜைமேல் வைத்தேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. மோல்டரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "கோர் நகர்ந்திருக்குதுங்கண்ணா" என்றார். கோர் என்பது கிண்ணத்தின் உள்வெளிக்காக மணலில் செய்து அச்சுக்குள் வைக்கும் உரு. உருக்கிய இரும்பு 1,350 டிகிரிக்கு மேல் சூட்டில் பாயும்போது அந்த உரு மிதக்கப் பார்க்கும்; பிடிமானம் சரியில்லையென்றால் 2 எம்.எம். தள்ளிவிடும். எங்கள் கோர் சிலிக்கேட் கலந்து கார்பன் டை ஆக்சைடு விட்டு இறுக்கியது. செலவு குறைவு, மரப்பெட்டியே போதும். ஆனால் குறுகலான வழிக்குள் போய்விட்டால் பின்னால் தட்டி எடுக்க வராது, மணல் இரும்போடு ஒட்டிக்கொள்ளும்.

பிறகு அவர் செய்ததுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம். மேஜையின் கீழ்த்தட்டைத் திறந்து ஒரு கோணிப்பையை எடுத்தார். அதற்குள் வேறொரு கம்பெனியின் கிண்ணம், அதுவும் அறுத்தது. அவரே அறுத்திருக்கிறார், யாருக்கும் சொல்லாமல். பீஸில் இருந்த எண்ணைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டுதான் காட்டினார். மறைத்து என்ன பயன்? அந்த விளிம்பின் அமைப்பைப் பார்த்தாலே ஊரில் யாரும் சொல்லிவிடுவார்கள், அது என் போட்டிக்காரருடையது. அதே பக்கம் கனம், அதே சொரசொரப்பு.

அந்தப் போட்டிக்காரருக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை சுமாராகத்தான் இருந்தது. முந்தின வருடம் ஒரு டெண்டரில் பம்புக்கு நாற்பது ரூபாய் குறைத்துப் போட்டு என்னைக் கவிழ்த்தவர். இருந்தாலும் அன்று சாயங்காலமே என் பாதிக் கிண்ணத்தோடு அவர் ஆபீஸுக்குப் போனேன். பவுண்டரிக்காரர் காட்டியதைச் சொல்லவில்லை. என்னுடையதை மட்டும் வைத்தேன். "இது என்னோடதுங்க. நல்ல பீஸுன்னு விற்கறதுக்கு வெச்சிருந்தது" என்றேன். அவர் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காபி வந்தது. குடித்து முடித்தபின் எழுந்து உள்ளே போய் இன்னொன்றை எடுத்துக்கொண்டு வந்தார். அவரும் அறுத்து வைத்திருந்தார்! மூன்று பேர், மூன்று இடத்தில், ஒரே வியாதியை ஒளித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

கூட்டு எப்படி உண்டாகிறது என்று என்னைக் கேட்டால் இந்தக் காட்சியைத்தான் சொல்வேன். நல்ல பீஸைக் காட்டுகிறவன் விற்க வந்தவன். கெட்ட பீஸைக் காட்டுகிறவனோடுதான் வேலையைப் பற்றிப் பேச முடிகிறது. சங்கக் கூட்டங்களுக்கு நான் எதிரி இல்லை. 1952-ல் தொடங்கிய சீமாவும் 1969-ல் தொடங்கிய கொடிசியாவும் இல்லாவிட்டால் இந்த ஊருக்குக் கண்காட்சி வளாகமும் கிடையாது, டெல்லியில் குரலும் கிடையாது. ஆனால் அந்த மேடைகளில் யாரும் அறுத்த கிண்ணத்தைக் கொண்டுவந்து நான் பார்த்ததில்லை.

மருந்து எல்லோருக்கும் தெரிந்ததுதான்: ஷெல் கோர். பிசின் பூசிய மணலைச் சூடான இரும்புப் பெட்டிக்குள் கொட்டி ஓடுபோல வேகவைத்து எடுப்பது. வழவழப்பாக வரும், அளவு நகராது. கார் உதிரிபாகம் செய்கிறவர்களுக்காக அதைச் செய்யும் பட்டறை சின்னவேடம்பட்டியில் இருந்தது. "மாசம் ஆயிரம் கோர் இல்லாம மெஷினைத் தொட மாட்டேனுங்க" என்று அந்தக் கோர்க்காரர் முன்பே என்னைத் திருப்பி அனுப்பியிருந்தார். என் தேவை 400. போட்டிக்காரரின் தேவை 600. இப்படி எண்ணிக்கை வந்து அழகாகப் பொருந்துவது வாழ்க்கையில் ஒருமுறைதான் நடக்கும் போலிருக்கிறது.

ஒரு டெலிவரி சலானின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டோம். கோர் பெட்டி அவரவர் செலவு, அவரவர் சொத்து. ட்ரையலில் வீணாகும் இரும்பும் மணலும் எங்கள் இருவருக்கும் பவுண்டரிக்காரருக்கும் மூன்றில் ஒரு பங்கு. ட்ரையலில் கற்றுக்கொள்வது மூவருக்கும் பொது. கோர்க்காரர் ஒருவர் பெட்டியை மற்றவருக்குத் திறந்து காட்டக் கூடாது. வக்கீலுக்குப் போகவில்லை, முத்திரைத்தாள் இல்லை. அந்தச் சலானைத் தேடினேன், எங்கோ போய்விட்டது.

முதல் ட்ரையலில் 40 பீஸ் ஊற்றி 31-ஐ உடைத்துப் போட்டோம். பிசின் வெந்து வருகிற புகைக்கு வெளியேற வழி இல்லை. கிண்ணம் முழுக்க ப்ளோ ஹோல், காற்றுக் குமிழ்த் துளைகள். கோர்க்காரர் மணலைக் குறை சொல்ல மறுத்தார், பவுண்டரிக்காரர் அச்சைக் குறை சொல்ல மறுத்தார். கடைசியில் அந்த மோல்டர்தான், பேசிக்கொண்டிருந்த எங்களைப் பொருட்படுத்தாமல், ஓர் உடைந்த கோரை எடுத்து ஊதிப் பார்த்தார். ஓட்டின் உட்கூடு ஒரு முனையில் அடைத்திருந்தது. அதைத் திறந்து, அச்சின் மேல்பாதியில் அதற்கு நேராக ஒரு துளை வைக்கச் சொன்னார். மூன்றாவது ட்ரையலில் 40-க்கு 36 தேறியது. ஐந்து மாதம் ஆகியிருந்தது. சிட்டார்க் சோதனைக்கூடத்துக்கு ஆளுக்கு ஒரு பம்பு எடுத்துப் போனோம். ஊரின் தொழிற்துறையே முயற்சி எடுத்து 1980-களின் பிற்பகுதியில் உண்டாக்கிய கூடம் அது. எங்கள் இருவர் தொட்டியிலும் இல்லாமல் மூன்றாவது இடத்தில் அளந்ததால் முடிவைப் பற்றிச் சண்டை வரவில்லை. என் பம்பு 52.5. அவருடையது எவ்வளவு என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டு போனார்.

கேட்காமலிருப்பதும் கூட்டின் ஒரு பாகம். எங்கள் இருவரின் இம்பெல்லர் வளைவும் வேறு. அதில்தான் அவரவர் சோறு இருக்கிறது. மணல் எப்படி வேக வேண்டும், புகை எப்படிப் போக வேண்டும் என்பதைப் பங்குபோட்டுக்கொண்டால் இருவருக்கும் நஷ்டமில்லை, வாங்குகிறவர் அதைப் பார்த்து வாங்குவதில்லை. வளைவைப் பங்குபோட்டால் ஒருவர் கடையை மூட வேண்டியதுதான். இந்தக் கோட்டை எங்கே போடுவது என்பதில் இளைஞர்கள் இரண்டு விதமாகத் தவறுகிறார்கள். சிலர் நட்டு போல்ட்டுக்குக்கூட ரகசியக் காப்பு ஒப்பந்தம் நீட்டுகிறார்கள். சிலர் இரண்டாவது சந்திப்பிலேயே கம்ப்யூட்டரைத் திறந்து முழு மாடலையும் காட்டிவிடுகிறார்கள். முன்னவருக்குக் கூட்டாளியே கிடைப்பதில்லை, பின்னவருக்குக் கிடைக்கிற கூட்டாளி நிலைப்பதில்லை.

காப்பி நடக்காத ஊரா இது? நடக்கும். எனக்கும் நடந்தது. எங்கள் பேட்டர்ன்காரரிடம்தான் அது பிடிபட்டது. அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஊரின் கூட்டுகள் முக்கால்வாசி இவரைப் போன்றவர்களின் மௌனத்தின்மேல்தான் நிற்கின்றன. வார்ப்பிரும்பு உறைந்து ஆறும்போது நூற்றுக்கு ஒரு பங்கு சுருங்கும். அதனால் பேட்டர்ன்காரரின் அளவுகோலே வேறு. அதில் 100 என்று எழுதியிருந்தால் உண்மையில் 101 இருக்கும். சுருக்கத்தை மனதில் கணக்குப் போடாமல் நேரடியாக அளந்து மரத்தைச் செதுக்கலாம். ஒருநாள் சந்தையில் என் மோட்டார் பாடியைப் போலவே ஒன்றைப் பார்த்து வாங்கிக்கொண்டு வந்து அவரிடம் கொடுத்தேன். இரண்டையும் அளந்தார். என்னுடையது 200 எம்.எம். அது 198. "பேட்டர்ன் போட்டுச் செய்யலீங்க. உங்க பீஸையே பேட்டர்னா வெச்சு மணல்ல அடிச்சிருக்காங்க. ரெண்டாந்தரம் சுருங்கியிருக்குது" என்றார். திருடியவன் தன் திருட்டுக்கு இரண்டு மில்லிமீட்டரில் கையெழுத்துப் போட்டிருந்தான்.

யார் என்று அவருக்குத் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். சொல்லவில்லை. அன்று எரிச்சலாக இருந்தது. பிறகு யோசித்தேன்: அவர் அலமாரியில் இந்த ஊரின் முப்பது கம்பெனிகளுடைய தேக்குப் பேட்டர்ன்கள் அடுக்கியிருக்கின்றன. என்னிடம் அவன் பெயரைச் சொல்லுகிறவர் நாளைக்கு வேறொருவரிடம் என் வளைவைச் சொல்லமாட்டார் என்பதற்கு என்ன உறுதி? அவர் வாயைத் திறந்து சொன்னது ஒரே ஒரு வகைச் சேதி. "அண்ணா, இந்த மாதிரி ஒரு தொந்தரவு இன்னொருத்தருக்கும் இருக்குதுங்க. நீங்க ரெண்டு பேரும் ஒரு தடவை பேசிப் பார்க்கறீங்களா?" என்பார். பெயரைச் சொல்வதற்கு முன் அந்த இன்னொருவரிடம் போய் அனுமதி கேட்டுவிட்டு வருவார். அவருக்கு இதில் தரகு கிடையாது. இன்றைக்கு இந்த வேலைக்கு மாநாடு நடத்துகிறார்கள்.

தோற்ற கூட்டையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கல்லூரியோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டோம். பொன்னாடை, குத்துவிளக்கு, மறுநாள் பேப்பரில் போட்டோ. கம்ப்யூட்டரில் தண்ணீரை ஓடவிட்டுப் பார்த்து எனக்குப் புதிய இம்பெல்லர் வரைந்து தருவதாகப் பேச்சு. வந்தது. படத்தில் கண்ணைப் பறிக்கும் அழகு. இறக்கையின் கனம் 3 எம்.எம். என் பவுண்டரியில் அந்தக் கனத்துக்குள் இரும்பு ஓடி முடிவதற்குள் உறைந்துவிடும். ஓடினாலும் மெல்லிய ஓரம் சீக்கிரம் குளிர்ந்து வெள்ளை இரும்பாகிவிடும், டூல் வைத்தால் டூல்தான் தேயும். சொன்னேன். மே மாதம் அந்த மாணவர்கள் படிப்பு முடிந்து போய்விட்டார்கள். அடுத்து வந்தவர்கள் வேறு தலைப்பு எடுத்தார்கள். பைண்டு செய்த புத்தகம் ஒன்று என்னிடம் இருக்கிறது, கல்லூரியிலும் ஒன்று இருக்கும்.

குறை அவர்கள்மேல் மட்டும் இல்லை. நான் அவர்களை ஏ.சி. அறையில் உட்காரவைத்து வரைபடத்தைக் கொடுத்தேன். அறுத்த கிண்ணத்தைக் கொடுக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து அதே துறையிலிருந்து ஒரு பேராசிரியர் தானாகவே வந்தார். இந்தத் தடவை நேரே பவுண்டரிக்குக் கூட்டிப்போனேன். ஊற்றுகிற நாள். சட்டை நனைய மூன்று மணிநேரம் நின்றார். உடைந்த கோர்களைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டார். அவர் அனுப்பிய அடுத்த வரைபடத்தில் இறக்கை தண்டுப் பக்கம் 5, நுனியில் 4 என்று சரிந்து வந்திருந்தது. கோர் உடையாமலிருக்க மூலையில் வளைவு கொடுத்திருந்தார். கம்ப்யூட்டர் சொன்ன உச்சத்தைவிட ஒரு புள்ளி குறைவு. ஆனால் வார்க்க முடிந்தது. இன்றும் அந்த இம்பெல்லர்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

இவ்வளவு மெனக்கெட்டு ஏற்றிய மூன்றரைப் புள்ளியை வாங்குகிறவர் மதித்தாரா? கசப்பான விஷயம், ஆனால் மறைத்துப் பயனில்லை. 1990-ல் தமிழ்நாட்டில் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசமானது. அது வேண்டுமா வேண்டாமா என்று நான் பேசவரவில்லை. ஆயிரம் அடி போர் போட்டுக் கடனில் உட்கார்ந்திருக்கும் குடியானவரிடம் போய்ப் பேசவும் எனக்கு முகமில்லை. ஆனால் பில் வராத வீட்டில் மூன்றரைப் புள்ளிக்கு விலை கிடையாது. அவர் கேட்பதெல்லாம் இரண்டு: "வோல்டேஜ் கம்மியானாலும் ஓடுங்களா? காயில் எரியாதுங்களா?" அதற்குக் காப்பரைக் கூட்டிப் போட்டால் போதும். இந்த ஊரில் பல கூட்டுகள் பாதியில் நின்றதற்கு நம்பிக்கைக் குறைவைக் காரணம் சொல்வார்கள். என் கணக்கில் பெரிய காரணம், கூடிச் செய்த முன்னேற்றத்துக்குப் பணம் கொடுக்க ஆள் இல்லாமல் போனது. எங்கள் ஷெல் கோர் பம்பை முதலில் கேட்டு வாங்கியவர்கள் பக்கத்துத் தோட்டக்காரர்கள் இல்லை. காசு கொடுத்துக் கரண்ட் வாங்கும் தொழிற்சாலைகளும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும்.

சோலார் வந்து இதை மாற்றியது. 2019-ல் ஒன்றிய அரசின் பி.எம். குசும் திட்டம் வந்தபின் பேச்சே வேறாகிவிட்டது. பம்பு ஒரு கிலோவாட் அதிகம் இழுத்தால் அத்தனைக்கும் பேனல் போட வேண்டும், பேனலுக்குப் பணம். திடீரென்று எல்லோருக்கும் புள்ளிகள் நினைவுக்கு வந்தன. ஆனால் சோலார் பம்பில் பாதி உயிர் கன்ட்ரோலரில் இருக்கிறது, அது எங்கள் ஊர்க் கைப்பழக்கத்தில் இல்லாதது. இரும்பும் காப்பரும் தெரிந்த ஊர் இது. அறுபது வருடம் ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுத்து, எல்லோரும் ஒரே விஷயத்தில் கெட்டிக்காரர்களாகியிருந்தோம். எல்லோருக்கும் தெரியாததும் ஒன்றாகவே இருந்தது. பேக்கரியில் யாரைக் கேட்டாலும் தெரியாது. அப்போதுதான் வெளியூர்க்காரர் ஒருவரோடு சேர வேண்டியிருந்தது. பெங்களூரில் கன்ட்ரோலர் செய்கிற இளைஞர், என் மகன் வயது.

முதல் முப்பது செட்டில் ஏழு எரிந்தது. வைண்டிங்கும் கேபிளும் சேரும் ஜாயிண்ட்டில் ஓட்டை. அவர் "உங்கள் மோட்டார் சரியில்லை சார்" என்றார். எங்கள் ஆட்கள் "கரண்ட்ல ஓடறப்ப எரியாத மோட்டார் உங்க பெட்டியில மாட்டினா மட்டும் ஏனுங்க எரியுது?" என்றார்கள். இரண்டு மாதம் ஈமெயிலில் ஓடியது. என் பழைய புத்தி வேலை செய்தது. எரிந்த ஜாயிண்ட்டை அறுத்து டப்பாவில் போட்டு அனுப்பினேன். மறுவாரம் அவரே அலைக்காட்டிக் கருவியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டார். அவர் அலுவலகத்தில் சோதித்தபோது கேபிள் நீளம் 5 மீட்டர். எங்கள் போர்வெல்லில் 120 மீட்டர். கன்ட்ரோலர் மின்சாரத்தைத் துண்டு துண்டாக வெட்டி அனுப்புகிறது; நீளமான கேபிளில் அந்தத் துடிப்பு மோட்டார் முனையில் மோதித் திரும்பும்போது அழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. 600 வோல்ட் என்று மேலே கிளம்பியது கீழே 1,100-ஐத் தாண்டித் தாண்டி விழுந்துகொண்டிருந்ததைத் திரையில் எல்லோரும் பார்த்தோம். மோட்டாரும் நல்லது, பெட்டியும் நல்லது, நடுவில் இருந்த 120 மீட்டரை இருவருமே கணக்கில் எடுக்கவில்லை. பெட்டியின் வாசலில் ஒரு ஃபில்டர் சோக் வைத்தார். நாங்கள் ஜாயிண்ட் சுற்றும் முறையை மாற்றினோம். அதன்பின் ஒன்றும் எரியவில்லை. இப்போது அவர் ஆபீஸ் மூலையில் 120 மீட்டர் கேபிள் சுருட்டி வைத்திருக்கிறார், நான் அனுப்பியதுதான்.

பணத்தைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, நான் எழுதுகிறேன். சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஜாப் ஆர்டர் செய்கிறவருக்கு நாள் கணக்கு கிடையாது, சனிக்கிழமைக் கணக்குதான். அன்று சாயங்காலம் ஆட்களுக்குச் சம்பளம் போட வேண்டும். ட்ரையல் பீஸ் செய்து கொடுக்கிறவர் தன் ஓடுகிற வேலையை நிறுத்திவிட்டு, இன்னும் விலை பேசாத ஒன்றை நமக்காகச் செய்கிறார். அந்தச் சனிக்கிழமை அவருக்குக் கையில் பணம் போகவில்லையென்றால் அடுத்த ட்ரையல் "மெஷின் ரிப்பேருங்க" என்று தள்ளிப்போகும். மெஷின் நன்றாகத்தான் இருக்கும். பெரிய பெரிய நிறுவனங்கள் இங்கே வந்து புதுமை, பங்காளி என்றெல்லாம் பேசிவிட்டு நூற்றிருபது நாள் கழித்து செக் அனுப்புவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குக் கிடைப்பது சப்ளை மட்டும்தான். யோசனை கிடைப்பதில்லை.

யாரும் திட்டமிடாமல் நடந்த கூட்டும் உண்டு. 2012-ல் நாளைக்குப் பத்து மணிநேரத்துக்கு மேல் கரண்ட் போன காலத்தில் எங்கள் பவுண்டரிக்காரரின் ஃபர்னஸில் பாதி உருகிய இரும்பு அப்படியே கல்லாக உறைந்தது. சாலைக்கு அந்தப்பக்கம் இருந்தவர், தொழிலில் அவருக்கு நேர் எதிரி, கோக் கரியில் எரியும் பழைய குபோலா உலையை இடிக்காமல் வைத்திருந்தார். இரவு ஒன்பது மணிக்கு ஆள் அனுப்பி, "அச்செல்லாம் எடுத்துட்டு வரச் சொல்லுங்க, நான் பத்த வைக்கிறேன்" என்றார். பன்னிரண்டு இரவுகள் எங்கள் பீஸ்கள் அவர் குபோலாவில் ஊற்றப்பட்டன. அந்தப் பன்னிரண்டு இரவில் இருவரின் மோல்டர்களும் பேசிக்கொண்டதில் என்னென்ன கைமாறியது என்று முதலாளிகள் யாருக்கும் முழுதாகத் தெரியாது. இரண்டு பட்டறைகளிலும் ரிஜெக்ஷன் குறைந்தது மட்டும் தெரியும்.

பேட்டர்ன்காரர் போன தை மாதம் தொழிலை விட்டுவிட்டார், கண் தெரியவில்லை. மகன் பேட்டர்னை முப்பரிமாண பிரின்டரில் அடிக்கிறான். சுருக்க அளவுகோல் அவனுக்குத் தேவையில்லை, கம்ப்யூட்டரிலேயே ஒரு சதவீதம் கூட்டிக்கொள்கிறான். அப்பாவின் அலமாரிச் சாவியை மட்டும் அவன் இடுப்பில்தான் வைத்திருக்கிறான்.

புதிதாகத் தொழிலுக்கு வந்திருக்கும் பிள்ளைகள் சிலர் என்னிடம் கூட்டாளியைத் தேடித் தரச் சொல்லிக் கேட்கிறார்கள். எங்கள் பவுண்டரியில் ஊற்றும் நாள் செவ்வாயும் வெள்ளியும், மதியம் மூன்று மணிக்குமேல். வாருங்கள், கூட்டிப்போகிறேன். வரும்போது விசிட்டிங் கார்டு வேண்டாம். உங்களிடம் ரிஜெக்டான பீஸ் ஏதாவது இருந்தால் அறுத்து எடுத்துக்கொண்டு வாருங்கள்.